ஒத்திகை மோதிரம்

ஜனவரி 12

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஆனால் எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால்கூடப் போன வருஷம் போல மக்கர் செய்யவில்லை. உன் இருமல் போய்விட்டதா? பட்டறைத் தூசி ஏறாமல் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா? கட்டிக்கொள்கிறேன் என்றுதான் எழுதுவாய், கட்டமாட்டாய்.

கடையில் இப்போது ஒரு பெரிய வீட்டின் வேலை நடக்கிறது. முன்கூடம் முழுவதற்கும் மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை. வெட்டுகிற மேஜையில் விரித்தால் அறைக்குள் மூடுபனி இறங்கின மாதிரி இருக்கிறது. மதியம் வெயில் அதற்குள் புகுந்து வரும்போது நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டால், "என்னம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டே தூக்கமா?" என்கிறார். அவருக்கென்ன, துணியை மீட்டர் கணக்கில்தான் தெரியும்.

ஒரு காரியம். எங்கள் கடையில் திரைக்கு ஓரம் மடிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாளே, ஒல்லியாக, எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், அவளுக்குக் கல்யாணம். சின்ன வயசு இல்லை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை மின்சார ஆபீஸில் லைன்மேன், அவருக்கும் மனைவி இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, ஆளுக்கொரு மோதிரம், அவ்வளவுதான். விரலுக்குத் தகுந்த வீக்கம். என் மகள் மோதிரப் பட்டறையில் இருக்கிறாள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன், பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் விரலையும் காகிதத் துண்டால் சுற்றி அளந்து இதோடு வைத்திருக்கிறேன். நீளமானது அவருடையது.

மோதிரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், சிட்டு? நிச்சயத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று இரண்டு வேண்டுமா? இந்த வயசில் கல் வைத்துப் போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களா? இதெல்லாம் அவள் கேட்கச் சொன்னது.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்.

உன் அம்மா


ஜனவரி 29

அன்புள்ள அம்மா,

இருமல் போய்விட்டது. துணி கட்டிக்கொள்கிறேன். சரி, சில நாள் கட்டிக்கொள்கிறேன். உன் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் காகிதத் துண்டுகள் வந்து சேர்ந்தன. மேஜையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவெல்லாம் நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய்.

எங்கள் முதலாளியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து கேட்டாலும் எடுத்த எடுப்பில் தங்கத்தைத் தொடமாட்டார். முதலில் பித்தளையில் ஒரு ஜோடி செய்து கொடுப்பார். கல் கிடையாது, வேலைப்பாடு கிடையாது, வெறும் வளையம். அதற்கு ஒத்திகை மோதிரம் என்று பெயர். "போட்டுத் தூங்கிப் பாருங்க. பாத்திரம் கழுவிப் பாருங்க. ஒரு சண்டையாவது போட்டுப் பாருங்க. அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஒரு மாதம் கழித்து வந்து, அகலமா மெலிசா, எந்தக் கை, எந்த விரல் என்று அவர்களே சொல்வார்கள். கல்யாண மோதிரத்தைத் தேர்ந்தெடுப்பது கண் இல்லை, விரல்தான் என்பது அவருடைய கட்சி.

எங்கள் பட்டறைப் படியில் ஏறி வருகிறவர்களைப் பார்க்க வேண்டுமே, அம்மா! காலையில் மூடுபனி ஜன்னல் வரைக்கும் நிற்கும். அதற்குள்ளிருந்து இரண்டு இரண்டு பேராக வந்து நிற்பார்கள். போன வாரம் ஒரு ஜோடி, தங்கம் வேண்டாம், இந்தப் பித்தளையே பழகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டது. முதலாளியம்மா மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். சிலர் திரும்பி வருவதே இல்லை. ஒருவர் தனியாக வந்து, இரண்டு மோதிரத்தையும் மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நீ கேட்டதற்குப் பதில். நிச்சயத்துக்குக் கல் வைத்தது, கல்யாணத்துக்குக் கல் இல்லாதது என்பது ஒரு வழக்கம். இரண்டையும் ஒரே விரலில் அடுக்கிப் போடுகிறவர்களும் உண்டு, ஒன்றே போதும் என்பவர்களும் உண்டு. இடது கை மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பு நேராக இதயத்துக்குப் போகிறது என்று முற்காலத்தில் எங்கோ நம்பினார்களாம். "எல்லா விரல்லேருந்தும்தான் போகுது, இல்லேன்னா விரல் அழுகிடாதா?" என்பார் முதலாளியம்மா.

இனி ஓரம் மடிக்கிறவளிடம் நான் கேட்பது. கல் வைத்தால் மெல்லிய துணியில் இழை மாட்டும், பரவாயில்லையா? அவர் கம்பி வேலை செய்கிறவர், வேலை நேரத்தில் கையில் உலோகம் ஆகாது, மோதிரத்தை எங்கே வைத்துக்கொள்வார்? இரண்டு பேரில் யார் முதலில் கேட்டது? பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் விவரமாக வேண்டும்.

அன்புடன், சிட்டு


பிப்ரவரி 15

என் சிட்டுக்கு,

நலம். உன் நலத்தை உன் கையெழுத்தே சொல்கிறது, எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது.

உன் கேள்விகளை அவளிடம் படித்துக் காட்டினேன். கல் வேண்டாம் என்கிறாள். அவர் வேலைக்குப் போகும்போது ஒரு கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் விட்டுக்கொள்வாராம்.

யார் முதலில் கேட்டது என்று கேட்டிருந்தாய். அது ஒரு கதை. ஒரு நாள் கடையில் கரண்ட் போய்விட்டது. லைன்மேன் ஏணியோடு வந்தார். ஃபியூஸ் பெட்டி இருக்கிற சுவருக்கு முன்னால் அந்தப் பெரிய வெள்ளைத் திரையை நீளம் பார்க்கத் தொங்கவிட்டிருந்தோம். அவர் அதற்குப் பின்னால் போய்விட்டார். நிழல் மட்டும்தான் தெரிந்தது. "யாரும்மா அங்க, அந்த சுவிட்சைக் கொஞ்சம் போடுங்க" என்று திரை பேசுகிற மாதிரி இருந்தது. அவள் போட்டாள். விளக்கு எரிந்தது, நிழல் பெரிதாகி உத்தரம் வரைக்கும் போயிற்று. அதற்கு அடுத்த வாரம், விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்க வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். கெட்டுப்போகாத விளக்கை இத்தனை தடவை சோதித்த லைன்மேன் இந்த ஊரிலேயே கிடையாது. கடைசியில் அவள் பொறுக்கமாட்டாமல், "எதுக்கு வர்றீங்கன்னு சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டாள். அவர் ஏணியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "தனியா உக்காந்தா சாப்பாடு சீக்கிரம் முடிஞ்சுடுது" என்றார். அவ்வளவுதான் கேட்டது. இப்போது நீயே சொல், யார் முதலில் கேட்டார்கள்?

எனக்கு ஒரு கனவு வருகிறது, சிட்டு. சுவரே இல்லாத வீடு. எல்லாம் திரைகள். நான் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகிறேன், போய்க்கொண்டே இருக்கிறேன், களைப்பே இல்லை. எங்கோ உள்ளே யாரோ பல்ப் மாட்டுகிற சத்தம் கேட்கிறது. விழித்த பிறகும் பாதி நாள் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

பிள்ளை ஒன்றுதான். பெண். தூரத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுக்கிறாளாம், பேனா வேறு எதையோ எழுதிவிடுகிறதாம். அப்பாவின் மேல் உயிராக இருந்த பெண் அது. அவள் மனசு கஷ்டப்பட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறாள்.

ஒத்திகை மோதிரம் என்றதும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


மார்ச் 3

அன்புள்ள அம்மா,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு பித்தளை மோதிரங்களும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. பெரியது அவருக்கு. சின்னது கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். நுழையாவிட்டால் வற்புறுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல். விரல் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பெண் கஷ்டப்படுவாளா, சந்தோஷப்படுவாளா என்று அவளிடம் சொன்னால்தானே தெரியும்? சொல்லாமலேயே இவர்களாக முடிவு செய்துகொண்டால் அவள் என்ன செய்வாள், பாவம்.

உன் முழங்காலைக் குளிரில் வைக்காதே.

சிட்டு


மார்ச் 17

என் சிட்டுக்கு,

நீ நலமா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்தால் எனக்குப் பசி போய்விடுகிறது. வேலை அதிகம் என்றால் இரண்டு வரி எழுது, ஆனால் அந்த இரண்டு வரியில் நீ என்ன சாப்பிட்டாய் என்றாவது இருக்கட்டும்.

மோதிரம் வந்த அன்றைக்குக் கடையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவருடையது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய கை, சிட்டு, கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அதில் ஒரு வளையம் ஏறினதும் அவருக்கே அது வேறு யாருடைய கையோ போல் ஆகிவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டே நின்றார்.

அவளுடையதுதான் நடு மூட்டில் நின்றுவிட்டது. "வேணாங்க, வலிக்கும்" என்றார் அவர். நீயும் வற்புறுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனால் அவள் கேட்கவில்லை. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து, சோப்பைக் குழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தள்ளு. நுழைந்துவிட்டது! தோல் கொஞ்சம் உரிந்ததுதான். ஆனால் அந்தக் கையோடு அன்று மதியம் முழுவதும் தைத்தாளே, வெள்ளைத் துணிக்கு மேலே மஞ்சளாக ஒரு மினுக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. தையல் கோணல்மாணலாகப் போய்விட்டது, மறுபடி பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. யாருக்கு அதைப் பற்றிக் கவலை?

ஆனால் இப்போது ஒரு சங்கடம். கழற்ற வரவில்லை. ஆசைப்பட்டுப் போட்டாயிற்று, வெளியே எடுக்க வழி தெரியவில்லை. உங்கள் பட்டறையில் இதற்கு என்ன செய்வீர்கள்? அவள் கேட்கச் சொன்னாள்.

நீ என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் அம்மா


மார்ச் 28

அன்புள்ள அம்மா,

நலம். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன்.

கையைத் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருக்கச் சொல். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் சுருங்கியதும் சோப்பு. அதிலும் வராவிட்டால், வழுவழுப்பான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மீதி நூலை மூட்டைத் தாண்டி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அடிமுனையைப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரமும் கூடவே ஏறி வரும். விரல் நீலமாக மாறினாலோ மரத்துப்போனாலோ தாமதிக்காமல் அறுத்து எடுத்துவிட வேண்டும். பித்தளைதான், போனால் போகிறது.

பச்சையாக ஒரு கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். அது பித்தளை செய்கிற வேலை.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேள். கழற்ற அவளுக்கு மனசு இருக்கிறதா?

சிட்டு


ஏப்ரல் 10

சிட்டு, என் கண்ணே,

நலம் விசாரித்துக்கொண்டிருக்க இப்போது தைரியம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அப்புறம் விசாரிக்கிறேன்.

மோதிரம் என் விரலில்தான் இருக்கிறது.

ஓரம் மடிக்கிறவளுக்கு இதில் சம்பந்தமே இல்லை. அவள் பெயரை நான் இத்தனை மாதமாகக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் முணுமுணுப்பதை விட்டுவிட்டுக் கத்தவே ஆரம்பித்துவிடுவாள்.

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. நூல் சுற்றினேன். மூட்டு வரைக்கும் வருகிறது, அப்புறம் நின்றுகொள்கிறது. அவர் வயர் வெட்டுகிற கட்டரை எடுத்துக்கொண்டு வந்து, "ஒரே நிமிஷம், கையைக் கொடுங்க" என்றார். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். இந்த வயசில்! விரல் நீலமாகவில்லை, மரக்கவும் இல்லை, பச்சைக் கோடுதான் விழுந்திருக்கிறது. நீ கேட்டாயே, கழற்ற மனசு இருக்கிறதா என்று. இல்லை, சிட்டு.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. மகளுக்கு ஒரு தாய் எழுதுகிற விஷயமா இது? அப்பாவை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவர் இருக்கிற இடத்தில் அவர் இருக்கிறார். இது வேறு இடம், இவ்வளவு நாள் அது பூட்டிக் கிடந்தது எனக்கே தெரியாது.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அவரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். "பொண்ணு சொல்றதுதான் சரி" என்றார். அதற்குப் பிறகு விளக்கைப் பார்க்கவும் வரவில்லை. ஏணி மட்டும் கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது, மறந்துவிட்டுப் போனாரா, விட்டுவிட்டுப் போனாரா, தெரியவில்லை.

நீ நலமாக இருக்கிறாயா?

அம்மா


மே 6

சிட்டுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் இப்போதெல்லாம் என் வாசல் வந்தால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். "இல்லம்மா, இல்லம்மா" என்று சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடையில் அந்தப் பெரிய வீட்டு வேலை முடிந்து, திரைகளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். மேஜை வெறிச்சென்று கிடக்கிறது. மதியம் வெயில் வருகிறது, சும்மா தரையில் விழுகிறது.

பதில் எழுத மனசில்லை என்றால் எழுத வேண்டாம். உறைக்குள் ஒரு வெற்றுக் காகிதம் வைத்து அனுப்பு. உறையின் மேல் உன் கையெழுத்தில் விலாசம் இருக்குமே, அது போதும்.

அம்மா


மே 24

அம்மா,

உடம்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதே. எழுதாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு, ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

எனக்கு முதல் நாளே தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலில் வெள்ளியில் செய்த மோதிரம் யாருக்கு? அந்த விரலை எத்தனை தடவை அளந்திருப்பேன்! உன் காகிதத் துண்டை மோதிர அளவு பார்க்கிற உருளையில் சுற்றியதும் கை நின்றுவிட்டது. போதாக்குறைக்கு ஓரம் மடிக்கிறவளின் புருஷனைச் சாகடித்துவிட்டாய். போன தடவை நான் ஊருக்கு வந்தபோது, மழையில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவர் யார் அம்மா, ஆவியா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூட இதைவிட நன்றாக மறைப்பார்கள்.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் தூண்டில் போட்டுப் பார்த்தேன். நீ திரையைப் பற்றி எழுதினாய், கனவைப் பற்றி எழுதினாய், அவரைப் பற்றி எவ்வளவோ எழுதினாய், உன்னைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எனக்கும் ஒரு கனவு வந்தது. நம் வீட்டில் அப்பாவின் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். முகம் தெரியவில்லை. நான் எழுந்திருங்கள் என்கிறேன், சத்தம் வரவில்லை. அன்றைக்குக் காலையில் பட்டறைக்குப் போய் உன் ஒத்திகை மோதிரத்தை ஓர் அளவு குறைத்துச் செய்தேன்.

கை தவறி இல்லை. வேண்டுமென்றே. போட்டுப் பார்ப்பாய், நுழையாது, மனசு விட்டுப்போய்த் திருப்பி அனுப்பிவிடுவாய், இந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். வேறு யாருக்காவது இப்படிச் செய்திருந்தால் முதலாளியம்மா என்னைப் படியில் உருட்டிவிட்டிருப்பார்.

நீ சோப்புப் போட்டு நுழைத்துவிட்டாய்.

அந்த வரியைப் படித்துவிட்டு அரத்தைக் கீழே வைத்தவள்தான், அன்றைக்கு வேலை ஓடவில்லை. நீ எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அம்மா. எந்தக் கடையில் எதைக் காட்டினாலும் "எனக்கெதுக்கு" என்பாய். எனக்கென்றால் கடை கடையாக ஏறி இறங்குவாய். அப்படிப்பட்ட நீ, தோல் உரிந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பித்தளை வளையத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருக்கிறாய், நான் போட முடியாதபடி செய்து அனுப்பிய வளையத்தை. இதற்கு என்ன பதில் எழுதுவது? உன் ஏப்ரல் கடிதம் வந்ததிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. வெட்கம் அதைவிட அதிகம். இன்னொரு பயமும் இருந்தது. அப்பாவின் மோதிரம் என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறதே, பழையதை உருக்கிப் புதியது செய்து தரச் சொல்லி இங்கே நிறையப் பேர் வருகிறார்கள், நீயும் கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவேன், அதுதான் பயம்.

நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாரத்தை என் தலையில் ஏற்றாதே. உனக்கு அனுமதி கொடுக்க நான் என்ன பதிவு அலுவலரா? முதலில் அந்தப் பித்தளையை அறுத்து எடு. அப்புறம் நீ என்ன செய்யப் போகிறாய் என்று நீயே சொல்.

உன் சிட்டு


ஜூன் 5

என் சிட்டுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதினால்தான் சரியாக இருக்கும்.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். நான் மோதிரம் செய்கிற கையாலேயே குட்டுப்பட்டேன். வலித்தது, நல்ல வலி.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மின்சார ஆபீஸுக்கே போனேன். இதுவரைக்கும் நான் அங்கே போனதில்லை. வாசலில் கம்பிச் சுருள்கள் வண்டிச் சக்கரம் போல அடுக்கியிருந்தன. அவர் மேலே கம்பத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்த வேகத்தில் ஒரு செருப்பு மேலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. கையை நீட்டி, "வெட்டுங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. அப்புறம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ அளவைக் குறைத்த இடம் வந்ததும் சிரித்தார். "உங்க பொண்ணு இடத்துல நான் இருந்தா இன்னும் ரெண்டு அளவு குறைச்சிருப்பேன்" என்றார். பிறகு கட்டரை எடுத்து ஒரே நொடியில் வெட்டிவிட்டார்.

அப்பாவின் மோதிரத்தை உருக்கச் சொல்வேன் என்று எப்படி நினைத்தாய்? அது உன்னுடையது. அதை வாங்கிய அன்றைக்கு நானும் அப்பாவும் கடையில் எப்படிச் சண்டை போட்டோம் தெரியுமா? அவருக்கு அகலமாக வேண்டும், எனக்கு மெலிசாக வேண்டும். கடைக்காரர் எங்களை விட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கடைசியில் அப்பாதான் விட்டுக்கொடுத்தார். அது அவருக்கு நான் தேர்ந்தெடுத்தது, இனி வேறு யாருடைய விரலிலும் ஏறாது.

நீ என்னையே சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். நான் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை காலையில் பதிவு அலுவலகம். யாரையும் கேட்டு எழுதவில்லை, சொல்கிறேன். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், என் எழுத்துதான்.

ஆனால் நீ வராமல் அந்த அறையில் நான் எப்படி நிற்பேன்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான். கால் மட்டும் உன்னை விட்டு நகரமாட்டேன் என்கிறது. வருவாயா? அவருக்கும் உன்னைப் பார்க்க ஆசை, ஆசையைவிடப் பயம் அதிகம். நீ வருகிற அன்றைக்கு ஏதாவது கம்பத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாலும் ஆச்சரியமில்லை.

உன் பதிலுக்காக வாசலில் நிற்கிற

அம்மா


ஜூன் 27

அன்புள்ள அம்மா,

நலம். உன் விரலுக்கு எப்படி இருக்கிறது? பச்சைக் கோடு மறைய வேண்டுமென்றால் எலுமிச்சம்பழத்தைத் தேய். அவசரமில்லை என்றால் அப்படியே விடு, அதுவாகப் போய்விடும்.

இரண்டு மோதிரமும் முடிந்துவிட்டன. முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒத்திகை பாத்தது அவங்க இல்லை, நீதான்" என்று சொல்லிவிட்டுப் போய், தங்கத்தை அவரே நிறுத்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தேன்.

உன்னுடையதை இந்த முறை, விரல் சற்று உப்பியிருக்கிற மதிய அளவுக்குச் செய்திருக்கிறேன். காலையில் விரல் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், மோதிரம் சுழலும், சுழலட்டும். விளிம்பையெல்லாம் உருட்டிவிட்டேன், எவ்வளவு மெல்லிய துணியிலும் மாட்டாது. அவருடையதில் கயிறு கோர்த்தால் தேயாதபடி உட்பக்கத்தை வழுவழுப்பாக்கியிருக்கிறேன். இழைத்துக்கொண்டிருக்கும்போது மூடுபனி வந்து ஜன்னலில் நின்றது. ஊரும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை, என் கையும் அந்த இரண்டு வளையமும்தான் தெரிந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அம்மா. அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தபாலில் அனுப்பப்போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பகல் ரயில்.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா என்று வராது, வரவழைக்கவும் மாட்டேன். மாமா என்றால் நாக்குக் குழறுகிறது. சார் என்றால் கரண்ட் பில் கட்ட வந்த மாதிரி இருக்கிறது. ஒன்றும் பிடிபடவில்லை. நேரில் பார்த்தால் வாயில் ஏதாவது வரும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனுக்கு நீ வராதே. அவரை மட்டும் அனுப்பு. கம்பத்தில் ஏறினால் இறக்கி அனுப்பு. நீ நடுவில் நின்றால் நாங்கள் இரண்டு பேரும் உன் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்போம், ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம். என் பெட்டியை அவர் தூக்கட்டும், மோதிரப் பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன். வண்டி எதுவும் வேண்டாம், வீடு வரைக்கும் நடந்தே வருகிறோம். நேரமானால் தேடிக்கொண்டு வந்துவிடாதே.

உன் சிட்டு